தண்ணி கேஸ்

நல்லகம் குடியிருப்பில் தண்ணீர் குழாயில் வருவதைவிடக் கூரையில்தான் அதிகம் வரும். குழாயில் வருவதற்காவது ஒரு நேரம் உண்டு. கூரைக்கு அதெல்லாம் கிடையாது. மேல்வீட்டு ஈஸ்வரி துணி அலசினால் வரும், அவள் பிள்ளைகள் குளித்தால் வரும், அவள் கோபத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாத்ரூமைக் கழுவினாலும் வரும். சுகிர்தாவுக்கு இப்போது மேலே நடப்பது எல்லாமே வாசனையில் தெரியும். சோப்பு வாடை வந்தால் பள்ளிக்கூட நாள். மீன் கழுவிய வாடை வந்தால் ஞாயிற்றுக்கிழமை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கம், பழைய ஏரியை மண் போட்டு மேடாக்கி, கம்பெனி முதலாளிகள் சிலர் சேர்ந்து வைத்த அறக்கட்டளை கட்டிய வீடுகள் அவை. நாலு பிளாக். திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டினார்கள், புறா விட்டார்கள். புறாக்கள் விவரமானவை, திரும்பி வரவில்லை. காண்டிராக்ட் கூலிகள் வந்தார்கள். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் அதற்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. வேறு எதற்காகவும்கூடத் தட்டுவதில்லை. ஆனால் மாடிப்படிச் சுவர் முழுக்க வாசகம் எழுதி வைத்திருந்தார்கள். 'ஜன்னலைத் திறங்கள், நலம் நுழையட்டும்' என்று ஒன்று. பி பிளாக்கில் ஜன்னலைத் திறந்தால் எதிரே உருக்காலையின் புகைக்கூண்டுதான். நுழைவது நலமா என்பது மறுநாள் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியைப் பார்த்தால் தெரியும்.

சுகிர்தாவும் இம்மானுவேலும் பி பிளாக்கில் முதல் மாடி. படுக்கிற அறையின் கூரையில் தொடங்கிய ஈரம் சுவரில் இறங்கி, கறுத்து, பூசணம் பிடித்து, மயிர் முளைத்த தோல் மாதிரி ஆகியிருந்தது. இம்மானுவேல் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சுகிர்தா, த பாரு. மொதல்ல அந்தமான் வந்துச்சி. இப்போ சிலோன் வந்துகினு கீது."

"பாத்துக்கினே இரு. நாளிக்கு உன் மூஞ்சி மேல ஆஸ்திரேலியா வரும்."

அவர் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமல் தொடங்கினால் அது தானாக நிற்க வேண்டும், யாரும் நிறுத்த முடியாது. பவுண்டரியில் கிரைண்டர் பிடித்த ஆள் அவர். வார்த்து எடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தேய்த்துத் தள்ளுகிற வேலை. வாயில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுத்தார்கள், அதுவும் தீபாவளிக்குத் தீபாவளி. துணியைத் தாண்டிப் போனதெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது. கிரைண்டரைத் தூக்குகிற அளவுக்கு மூச்சு இல்லை என்று தெரிந்ததும் கம்பெனிக்காரர்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டைத் திறந்து வெளியே விட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டாக்டரம்மா சுகிர்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீடு எப்படிம்மா இருக்கு? ஈரம் இருக்கா?" என்று கேட்டாள். அத்தனை வருடத்தில் உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். "அந்த ஈரம் நிக்கலன்னா நான் குடுக்கிற மருந்து வேஸ்ட்" என்றும் சொன்னாள்.

சுகிர்தா விடியலில் எழுந்து கம்பெனி கேன்டீனுக்குப் போவாள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பது அவள் வேலை. உரித்து, அரிந்து, சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் காலை ஷிப்டு நாஷ்டாவுக்கு வந்து நிற்கும். கண்ணில் தண்ணீர் வராமல் வெங்காயம் அரியத் தெரிந்தவள் என்று கேன்டீனில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மத்தியானம் திரும்பி வந்து கேழ்வரகுக் களி கிண்டி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்து, கட்டிலை நனையாத மூலைக்கு இழுத்துப் போட்டு, அவருக்கு ஊட்டாத குறையாகக் கொடுப்பாள். நனையாத மூலை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"யக்கா, கீழ ஒழுகுதா?" என்று ஈஸ்வரி படியில் நின்று கேட்பாள்.

"ஒழுகாம? உன் பசங்க குளிச்சதுல எங்க ஊட்டு கட்டிலும் குளிச்சிக்கிச்சி."

"நான் இன்னாக்கா பண்றது? பசங்கள நக்கியா வுட முடியும்? பாத்ரூமு அடிப்பைப்பு கட்டும்போதே ஒடஞ்சிகீது. மேஸ்திரி அதும்மேலயே சிமெண்ட அப்பிட்டு பூட்டான். அப்போ எங்க ஊட்டுக்காரரு இங்கதான் வேல செஞ்சாரு, பாத்தாரு."

"பாத்தவரு சொல்ல வேண்டியதுதான?"

"அவரு எந்த நெலமைல பாத்தாரோ" என்றாள் ஈஸ்வரி. அவள் புருஷன் தணிகைவேல் சாயங்காலம் ஆனால் படியேறுவதற்குச் சுவரைத் துணைக்கு வைத்துக்கொள்கிற ஆள்.

படிச் சுவரில் ரிப்பேருக்கென்று ஒரு நம்பர் எழுதியிருந்தது. அது அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் கிடையாது. அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில், பூ படம் போட்டு, இன்னொரு நம்பர். 'குடியிருப்போர் நல உதவி மையம். ஒரே அழைப்பில் நிம்மதி.' ஐப்பசி பிறக்கப்போகிறது, மேலே ஈஸ்வரி போதாதென்று வானமும் சேர்ந்துகொள்ளும் என்ற பயத்தில் சுகிர்தா ஒருநாள் அந்த நம்பருக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"வணக்கம்மா. உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்க."

"ஊட்ல தண்ணி பிரச்சனம்மா."

"எவ்ளோ நாளா இருக்கும்மா?"

"குடி வந்ததுல இருந்தே கீது."

"தினமுமா?"

"தினமும்தான். காலைலயே ஆரம்பிச்சிடும். ஞாயித்துக்கெழமன்னா கேக்கவே வேணாம்."

"வீட்ல யாருக்கு பாதிப்பு?"

"எங்க ஊட்டுக்காரருக்குதாம்மா. நெஞ்சு அடைக்குது, மூச்சு உட முடில. தண்ணி நிக்கலன்னா மருந்தே வேஸ்ட்டுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க தைரியமா வெளிய வந்து சொன்னதே பெரிய விஷயம்மா. நீங்க தனியா இல்ல. நாங்க இருக்கோம்."

ஒழுகுகிற கூரையைப் பற்றிச் சொல்ல எதற்குத் தைரியம் என்று சுகிர்தாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும், இத்தனை மரியாதையாகப் பேசுகிறவர்கள் நல்ல பிளம்பராக அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தவள் பிளம்பர் இல்லை. இளமதி என்று ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் துணிப்பை, சமூகப்பணி படித்தவர்களுக்கே உரிய தலையாட்டல். நாம் எது சொன்னாலும் பாதியிலேயே தலை ஆடத் தொடங்கிவிடும். கேட்கிறாள் என்பதற்கு அடையாளம் அது. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். மேலே பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவரைத்தான் பார்த்தாள்.

"ஐயா, கடைசியா எப்போ?"

"இன்னிக்கு காலைலதாம்மா" என்றார் இம்மானுவேல். "நாஷ்டா துன்னும்போதே."

"சாப்பிடும்போதா?"

"தட்டுலயே உழுந்துச்சி. அப்பிடியே தள்ளி வெச்சிட்டேன்."

தலை ஆடியது. பைக்குள்ளிருந்து ஒரு வண்ணக் காகிதத்தை எடுத்துச் சுகிர்தாவின் கையில் கொடுத்தாள். அதில் ஒரு பாட்டில், பாட்டிலைச் சுற்றி ஒரு பாம்பு, பாம்பின் வாயில் ஒரு குடும்பம்.

சுகிர்தா படத்தைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த மனிதரைப் பார்த்தாள். போனில் பேசியது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. குடி வந்ததிலிருந்து. தினமும். ஞாயிற்றுக்கிழமை அதிகம். காது மடல் சுட்டது.

"த பாரும்மா. யாரப் பாத்து இன்னா பேசற? நான் சொன்னது பச்சத் தண்ணி. மேலேருந்து ஒழுகற தண்ணி."

"கோபம் வர்றது இயல்புதாம்மா. முதல் கட்டத்துல எல்லாக் குடும்பமும் மறுக்கத்தான் செய்வாங்க."

"இன்னாத்த மறுக்கறது? இவரு பீடி கூட தொட்டதில்ல!"

"அதையும் சொல்லுவாங்கம்மா" என்றாள் இளமதி, இரக்கத்தோடு.

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐய, இம்மானுவேல் அண்ணனா? அவரு சோடா குடிக்கிறதுன்னாலே ஜெபம் பண்ணிட்டுதான் குடிப்பாரு. ஏம்மா, குடியிருப்போர்னா குடிச்சிக்கினு இருக்கறவங்கன்னு நெனச்சிக்கினியா?"

அப்போது மேலே ஈஸ்வரி வீட்டில் யாரோ வாளியைக் கவிழ்த்திருக்க வேண்டும். இளமதியின் வகிட்டில் ஒரு சொட்டு விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. அவள் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஏதோ ஓடியது. சுகிர்தா காத்திருந்தாள்.

"இது மெயின்டனன்ஸ்ல வரும்மா" என்றாள் இளமதி கடைசியில். "அது வேற பிரிவு. நாங்க நலம் மட்டும்தான்."

"கூரை ஒழுவுனா நலமா?"

"அது கட்டடம்மா."

மனிதனைத் தனியாக, கூரையைத் தனியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பிரிவு வைத்திருக்கிற இந்தப் படிப்பை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று சுகிர்தா யோசித்தாள். வெங்காயம் உரிக்கிறவளுக்குத் தெரிகிறது, மேல்தோல் அழுகினால் உள்ளேயும் அழுகும் என்று. இவர்களுக்கு அது இரண்டு பிரிவு.

கிளம்பும்போது இளமதி படிவரை வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா, ஒண்ணு சொல்றேன். உங்க கேஸ் ஏறிடுச்சு. இப்ப நான் குடிப்பழக்கம் இல்லன்னு எழுதினா மூடிடுவாங்க, அப்புறம் யாரும் வர மாட்டாங்க. இருந்துச்சுன்னா... டி பிளாக்குல கீழ் வீடு ஒண்ணு காலியா இருக்கு. காலைலேர்ந்து வெயில் விழும். குடியிலேர்ந்து மீண்ட குடும்பத்துக்குன்னு வெச்சிருக்காங்க. ஐயா வகுப்புக்கு வந்துட்டு, ஆண்டு விழாவுல ரெண்டு வார்த்தை பேசினார்னா, எங்க தலைவர் பூவராகவன் சார் குடுத்துடுவார்."

இந்தப் பெண் நம்பித்தான் சொல்கிறாளா, நம்பாமல் சொல்கிறாளா என்பது சுகிர்தாவுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. "கெளம்பிப் போம்மா" என்றாள்.

அவள் ஏன் அப்படிக் கொதித்தாள் என்பதை ஈஸ்வரியிடமோ கேன்டீன் பெண்களிடமோ சொல்லியிருக்க முடியாது. பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் அப்பாவுக்கு மகளாகப் பிறந்தவள் அவள். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே, அது இழுபடும் விதத்தை வைத்து, அன்றைக்கு அடுப்பில் இருக்கிற சோறு அடுப்பிலேயே இருக்குமா, தெருவுக்குப் போகுமா என்று அவளால் சொல்ல முடியும். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையின் முகம், வேலை, சம்பளம் எதையும் அவள் விசாரிக்கவில்லை. "குடிப்பாரா?" என்று மட்டும் அத்தையிடம் கேட்டு அனுப்பினாள். வாசனைகூடத் தெரியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

கழுத்திலும் காதிலும் நகை இல்லாத குறையை அவள் இத்தனை காலமும் அந்தப் பதிலைப் போட்டுக்கொண்டுதான் தீர்த்திருந்தாள். மற்ற பெண்கள் கன்னம் வீங்கிக் குழாயடிக்கு வரும்போது அவள் இடம் விட்டு நகர்ந்துகொள்வாள். பேச மாட்டாள். அவர்களைப் பார்த்தால் அவளுக்கு இரக்கம் வந்ததில்லை, அருவருப்புத்தான் வந்தது. ஈஸ்வரியிடம்கூட அவள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. படியில் நின்றபடிதான். இப்போது அந்த நகையைக் கழற்றி வைத்துவிட்டு வா, வெயில் விழுகிற வீடு தருகிறேன் என்கிறார்கள்.

இம்மானுவேல் அன்று மாலை களியை உருட்டியபடியே சொன்னார். "ஊடு நல்லாத்தான் இருக்குமாட்டம் கீது."

"வேணாம்."

"வெயிலு உழுமாமே."

"குடிகாரன்னு சொல்லுவாங்கய்யா உன்ன."

"சொன்னா நெஞ்சு அடைக்குமா? இதுதான் அடைக்குது" என்று சிலோனைக் காட்டினார்.

"உனக்கு வெக்கமே இல்லியா?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "மூச்சு வாங்கும்போது அதுக்கெல்லாம் எடமில்ல சுகிர்தா" என்றார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஐப்பசி வந்தது. ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. பிளாக்குகளுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர், மேலே கூரைத் தண்ணீர், நடுவில் முதல் மாடியில் சுகிர்தா. சுவரைத் தொட்டால் கை வழுக்கியது. பாயை மடித்தால் கீழே பூரான். ஒரு சாயங்காலம் கேன்டீனிலிருந்து முட்டிவரை நனைந்து வந்தவள், படியிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஓட்டை டியூபில் காற்றடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இம்மானுவேல் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்துகொண்டிருந்தார். உதடு நீலம். கண் அவளைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரமில்லை.

தூக்கிக்கொண்டு போனது தணிகைவேல். அன்றைக்கும் குடித்துத்தான் இருந்தான். ஆனாலும் முழங்காலளவு தண்ணீரில் கால் இடறாமல், இம்மானுவேலை முதுகில் போட்டுக்கொண்டு மெயின் ரோடுவரை நடந்தான். அவன் வாயிலிருந்து வந்த வாடை சுகிர்தாவின் மூக்கில் ஏறியது. சிறுவயதிலிருந்து அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிற வாடை. அன்றைக்குப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அதே டாக்டரம்மா. "அதே வீடுதானா?" என்றாள். சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, மாஸ்க்குக்குள் பனி படர்வதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த ஆள் இத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது மேஸ்திரியால் மட்டும் இல்லை. அவள் நகையைக் கழற்ற மாட்டேன் என்றதாலும்தான். அதைத் தெரிந்துகொண்டபோது அவள் யாரையெல்லாம் கேவலமாக நினைத்தாளோ அந்த வரிசையில் தானும் போய் நின்றாள். முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது.

திரும்பி வந்ததும் இளமதிக்குப் போன் போட்டாள். "வகுப்பு எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

வகுப்பு நடந்தது சமுதாயக் கூடத்தில். நலப் பிரிவு வரலாற்றில் இம்மானுவேலைப் போல ஒரு மாணவர் கிடைத்ததில்லை. வந்த முதல் நாளே நிறுத்தியிருந்தார். ஆசை வருகிறதா என்றால் இல்லை என்பார். கை நடுங்குகிறதா என்றால் இல்லை என்பார். நண்பர்கள் வற்புறுத்துகிறார்களா என்றால், "தணிகைவேலு ஒரு தடவ பிஸ்கெட்டு துன்னச் சொன்னாரு" என்பார். பூவராகவன் பூரித்துப்போனார். ஏதோ கம்பெனியில் பெர்சனல் மேனேஜராக இருந்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்பியே ஓய்வு பெற்றவர். இப்போது ஆட்களுக்கு வீடு கொடுக்கிறார். "நம்ம திட்டத்தோட வெற்றிக் கதை இவர்தான்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

ஈஸ்வரிக்கு ஆற்றாமை. "இன்னாக்கா அநியாயம். எங்காளு மெய்யாலுமே குடிக்கிறாரு. அவருக்கு ஒரு ஜன்னலு கூட கெடிக்கல."

"உடணுமாம்டி. உட்டவங்களுக்குதான் ஊடாம்."

"குடிக்காதவரு உடறது சுளுவு. குடிக்கிறவரு எப்பிடிக்கா உடுவாரு?"

 சுகிர்தா முதல்முறையாக ஈஸ்வரியின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து டீ குடித்தாள்.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் இம்மானுவேல் ஒரு குண்டைப் போட்டார்.

"நான் பேசறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

"இன்னாய்யா சொல்ற?"

"சாட்சின்னு சொல்றாங்க. சபைல சாட்சி சொல்லிக்கீறேன். சாட்சில பொய் வரக்கூடாது. உள்ளத உள்ளபடி சொல்லுவேன்."

"உள்ளத சொன்னா ஊடு பூடும்யா!"

"கெடிக்கறது கெடிக்கட்டும்."

வகுப்பு முழுக்கப் போய் உட்கார்ந்தது பொய் இல்லையா என்று அவள் கேட்டாள். "யாரும் என்னாண்ட குடிச்சியான்னு கேக்கல. எப்போ குடிச்சன்னுதான் கேட்டாங்க. குடிக்கலன்னேன். மெய்தான?" என்றார். இந்த மனிதரோடு வாதம் பண்ணுவதும் சுவரோடு முட்டிக்கொள்வதும் ஒன்று. சுவராவது ஈரத்துக்குக் கொஞ்சம் இளகும்.

விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீர் வடிந்த இடத்தில் எம்-சாண்ட் கொட்டி, அதன்மேல் சிவப்புக் கம்பளம். அந்த மண்ணையும் சிமெண்டையும் வைத்து ஒரு பாத்ரூமைச் சரிசெய்திருக்கலாம். மேடையில் சால்வைகள் மாறி மாறிப் போர்த்தப்பட்டன. பூவராகவன் பேசும்போது பயனாளிகள், பயனாளிகள் என்றே சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் யாரையோ சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

இம்மானுவேல் மைக்கைப் பிடித்தார். சுகிர்தா முந்தானையின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அந்த வெயில் விழுகிற வீடு இப்போது இவர் நாக்கில் இருந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பி பிளாக்கு, மொத மாடி. எங்க ஊட்ல தண்ணி பிரச்சன."

கைதட்டல்.

"இங்க குடி வந்தேன். அன்னிக்கே தண்ணியும் வந்துடுச்சி. மொதல்ல சொட்டு சொட்டாத்தான். சொட்டுதானன்னு உட்டுட்டோம். அதான் தப்பு. சொட்டுலயே நிறுத்திருக்கணும்."

பூவராகவன் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து, "பாருங்க, எவ்ளோ பெரிய உண்மை" என்றது மைக்கில் கேட்டது.

"அப்பறம் பாத்தா பொழுதனைக்கும் தண்ணி. படுக்கையெல்லாம் தண்ணி. எங்க சம்சாரம் பக்கெட்ட வெச்சி புடிச்சிக்கினு ஒக்காந்துகினு இருப்பா. அவதான் கீழயெல்லாம் தொடைப்பா. நாத்தம். சொந்தக்காரங்க ஒருத்தரும் ஊட்டாண்ட வர்றதில்ல."

பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டினார்கள். பல தலைகள் சுகிர்தாவின் பக்கம் திரும்பின. அவளுக்கு முதலில் வந்தது பயம், அடுத்து வந்தது வேறு ஒன்று. இந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை. உண்மையைத்தான் ஊருக்கு நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அதைக் கேட்கத்தான் அந்தப் பந்தலில் ஒரு காதுகூட இல்லை. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த இளமதி அவளை அணைத்துக்கொண்டு, "அழுதுடுங்கம்மா, அடக்காதீங்க" என்றாள்.

மேடையில் இம்மானுவேல் மூச்சுக்காக நின்றார். கூட்டம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு அமைதியாக இருந்தது.

"நான் நிறுத்தப் பாத்தேன். என்னால முடில. அது என் கைல இல்ல." ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "மேல கீறவங்க மனசு வெச்சாதான் நிக்கும்."

பூவராகவன் கண்ணை மூடி வானத்தை நோக்கிக் கைகூப்பினார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஈஸ்வரி துடித்து எழுந்தாள். "நான் இன்னாண்ணா பண்ணுவேன்? பைப்பு ஒடஞ்சிகீது!"

"யாரும்மா அது? உட்காரும்மா, குடும்பச் சண்டையெல்லாம் அப்புறம்" என்று மேடையிலிருந்து அதட்டினார்கள்.

சாவி அன்றைக்கே கிடைத்தது.

டி பிளாக் கீழ் வீட்டில் மெய்யாகவே வெயில் விழுந்தது. அரசு ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்யத் தொடங்கியது. இம்மானுவேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மொச்சை உரித்தார். கார்த்திகை முடிவதற்குள் கேட்டுவரை நடந்து போய்வந்தார். கேட்டில் ஒரு பெரிய பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் அவர் முகம், மைக், உயர்த்திய விரல். 'குடியை வென்ற குடும்பத் தலைவர்.' கீழே சால்வை போர்த்திய ஏழெட்டு முகங்கள். வென்றவரைவிட அவர்கள்தான் தெளிவாகத் தெரிந்தார்கள்.

சுகிர்தா தினமும் அதன் அடியில்தான் வேலைக்குப் போக வேண்டும். கேன்டீன் பெண்களின் குரல் மாறிவிட்டது. "இவ்ளோ நாள் வாயத் தொறக்கவே இல்லியேக்கா, எப்பிடித்தான் பொறுத்தியோ" என்று அவள் பங்கு வெங்காயத்தில் ஒரு கூடையை இழுத்துக்கொண்டார்கள். அந்த இரக்கம் அவள் மேல் ஈரமாக இறங்கியது. சபையில் போதகர் இம்மானுவேலின் தலையில் கைவைத்து விசேஷமாக ஜெபித்தார். காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு போவது வழக்கமாக இம்மானுவேல்தான். இப்போது வேறு ஒருவர் எடுத்துப் போனார். இம்மானுவேல் கையை மடியில் வைத்தபடி பை போவதைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில், "மொச்ச நல்லா வெந்திருக்கும்ல?" என்றார்.

ஒருநாள் மத்தியானம் ஒரு சின்னப் பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வெல்டர் வேலை பார்க்கிறவனின் மனைவி, பெயர் ரம்யா என்றாள். பி பிளாக் முதல் மாடிக்குப் புதிதாக வந்தவர்கள். பூசணத்தின் மேல் ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்து அந்த வீட்டை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, நெஞ்சு கர் கர் என்றது. அந்தச் சத்தம் சுகிர்தாவுக்குத் தெரியும்.

"யக்கா, நீங்கதான முன்ன அந்த ஊட்ல இருந்தீங்க? சொவுரு கறுத்துகினே வருதுக்கா. கொயந்திக்கு சளி உடவே மாட்டேங்குது. யாராண்ட சொல்றது?"

"படிகிட்ட பூ படம் போட்டு ஒரு நம்பரு கீதுல்ல? அதுக்கு போடு."

"இன்னான்னு சொல்லட்டும்?"

"தண்ணி பிரச்சனன்னு சொல்லு. எவ்ளோ நாளான்னு கேப்பாங்க. குடி வந்ததுல இருந்துன்னு சொல்லு. அவ்ளோதான். வேற எதுவும் பேசாத."

"பைப்பு ஒழுவுதுன்னு சொல்ல வேணாமா?"

"சொல்லிடாத. பைப்புன்னா அது வேற பிரிவு."

ரம்யா யோசித்தாள். புரிந்ததும் அவள் முகம் சட்டென்று நிமிர்ந்தது. "ஐய, அவங்க வேற மாதிரி நெனச்சிக்குவாங்கக்கா. எங்க ஊட்டுக்காரரு அத்தயெல்லாம் கையாலயும் தொட மாட்டாரு."

அந்த நிமிர்வைச் சுகிர்தா பார்த்தாள். அதே நகை. அதே பளபளப்பு. இதுவும் அடகுக்குப் போகப்போகிறது.

"எங்க ஊட்டுக்காரரும்தான் தொட்டதில்ல" என்றாள் சுகிர்தா. பிளக்ஸ் வைத்ததிலிருந்து அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரம்யா கேட்டின் பக்கம் திரும்பி, உயர்த்திய விரலோடு நின்ற அந்தப் பெரிய முகத்தைப் பார்த்தாள். பிறகு சுகிர்தாவைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெண்ணின் கண்ணிலும் அது வந்துவிட்டது, கேன்டீன் பெண்களின் கண்ணில் வருவது. தலைகூட இளமதியைப் போல மெல்ல ஆடியது.

"பரவால்லக்கா" என்றாள் ரம்யா, அவள் கையைத் தொட்டு. "இப்போதான் உட்டுட்டாரே. அது போதும்."

உள்ளே இம்மானுவேல் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். வெயில் கட்டில்கால்வரை வந்திருந்தது. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும், அவசரமில்லாமல், வாசல்வரை கேட்டது. சுகிர்தா அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஆமா" என்றாள். "உட்டுட்டாரு."